மின்சார டெம்போவும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரும்

கடந்த ஆண்டு தோவாளை வட்டாரத்தில் வாழை பயிரிடுவோர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். அன்று நிர்வாகக் குழுக் கூட்டமும் இருந்தது. சங்கம் கடன் பெற்று மின்சார டெம்போ ஒன்று வாங்குவது, அதன் பின்னால் டிரெய்லரையும் கோத்து, களக்காட்டுப் பக்கமிருந்து வரும் குலைகளில் இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் நாகர்கோவிலுக்குக் கொண்டு வருவது என்னும் தீர்மானம் குழுவின் முன் இருந்தது. டீசல் செலவைக் கண்டு மனம் வெறுத்திருந்த இளைஞர்கள் அதனை உற்சாகத்துடன் ஆதரித்தனர். மூலையில் அமர்ந்திருந்த ஒரு முதிய அங்கத்தினர் நம்மைப் பார்த்து, “எல்லாம் செரி சாரே, ஆடிக் காத்துல ஏத்தங்குலையும் ஏத்திகிட்டு ஆரல்வாய்மொழி தாண்டி இங்க வந்து சேருமா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அங்கே விடை சொல்வார் இல்லை, நம்மிடமும் இல்லை. பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சங்கப் பணத்தில் இத்தகைய வண்டி வாங்க எண்ணும் வேறு சங்கங்களுக்கும் அக்கணக்கு பயன்படக் கூடும்.

டாட்டா கம்பெனியின் ஏஸ் மின்சார வண்டி 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகமாயிற்று. அதன் பாட்டரி 21.3 யூனிட் கொள்ளும். ஏற்றுமதி 600 கிலோ. ஒருமுறை சார்ஜ் செய்தால் 154 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைச் சான்று. ஒரு டன் ஏற்றும் வகை 2024இல் வெளிவந்தது. யூனிட் என்று நாம் சொல்வது வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பம் ஏறக்குறைய 10 யூனிட்டுக்குச் சமம். அப்படியானால் இந்த வண்டி தன் வயிற்றில் சுமப்பது இரண்டு லிட்டர் டீசலுக்கு ஈடான சக்தியே! அதைக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடுவது எப்படியெனில், டீசல் என்ஜின் தான் உண்பதில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே தள்ளுகிறது. மின்சார மோட்டார் மிகச் சிறு பகுதியையே வீணாக்குகிறது. சிக்கனமாக வாழும் குடும்பத்தில் விருந்தாளி ஒருவர் கூடினாலும் செலவு உடனே தெரிவதுபோல, இவ்வண்டியில் எந்தக் கூடுதல் பாரமும் உடனே தூரக் குறைவாகத் தெரிந்துவிடும்.

இழுக்கும் வலிமையில் மின்சார மோட்டாருக்குக் குறையே இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் தர வல்லது அது. இதுவே டிரைவரை ஏமாற்றவும் செய்கிறது. பாரம் கூடியதை வண்டி முனகிக் காட்டுவதில்லை. பாட்டரி அளவு இறங்கிய பின்னரே அவர் அறிகிறார்.

சமமான தார்ச்சாலையில் ஒரு டன் பாரத்தை 100 கிலோமீட்டர் உருட்டிச் செல்லச் சக்கரத்தில் 4 யூனிட் அளவு வேண்டும். சான்றின்படி ஏஸ் வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் செலவு. பெட்டியும் சரக்கும் சேர்ந்து ஒரு டன் உள்ள டிரெய்லரை அதனுடன் கோத்ததாகக் கணக்கு வைத்தால், இடைச் சேதமும் சேர்த்து அது 18 அல்லது 19 யூனிட் ஆகும். 154 கிலோமீட்டர் 115 அளவுக்கு வந்து நிற்கும். அந்த 154ம் நம் சாலைகளில் முழுமையாகக் கிடைப்பது அரிது. ஏற்றத்தில் ஒரு டன்னை 100 மீட்டர் உயர்த்தக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். இறக்கத்தில் அதில் ஒரு பங்கு பாட்டரிக்குத் திரும்பும். ஆகவே குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பாட்டரி நிறைந்திருக்கும்போது இந்தத் திருப்பம் நடவாது, பிரேக்கையே முழுதும் நம்ப வேண்டும் என்பதைத் தோட்டத்தின் மேட்டிலேயே சார்ஜ் செய்து புறப்படுவோர் நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையான எதிரி காற்றுதான். அமெரிக்காவில் 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்னும் மின்சாரப் பிக்கப்பை ஒரு மோட்டார் பத்திரிகை சோதித்தது. 480 கிலோமீட்டர் சான்று பெற்ற அவ்வண்டி, 1.4 டன் வீட்டு டிரெய்லரை இழுத்தபோது 185 கிலோமீட்டரும், 3.3 டன் டிரெய்லரை இழுத்தபோது 145 கிலோமீட்டரும் மட்டுமே சென்றது. எடை இருமடங்குக்கு மேல் கூடியும் தூரம் அவ்வளவாகக் குறையவில்லை. உயரமான பெட்டி ஒன்றைக் கட்டியவுடனேயே பெருங்குறைவு நேர்ந்துவிட்டது. விரைந்து செல்லுகையில் காற்றைப் பிளப்பதற்கே சக்தி செலவாகிறது.

நம் முதியவரின் கேள்விக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் எழுந்ததும் அதனாலேயே. வெறும் வண்டியாய்க் கிழக்கே போகையில் காற்று முதுகைத் தள்ளும். குலையேற்றித் திரும்புகையில் முகத்தில் அறையும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், காற்றின் தடை ஏறக்குறைய மூன்று மடங்காகும். குலை அடுக்கிய டிரெய்லர் எடையில் சிறிது, பருமனில் பெரிது; காற்றுக்கு முன் நிற்கும் சுவரைப் போன்றது. களக்காடு போய்வர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆடி மாதத்தில் அந்நடை நடுவழியில் நிற்கக் கூடும் என்பதே நம் முடிவு.

இழுவையே தொழிலான மின்சார வண்டிகளும் உள்ளன. சென்னை முருகப்பா குழுமத்து மோண்ட்ராவின் ரைனோ என்னும் 55 டன் லாரியில் 282 யூனிட் பாட்டரி இருக்கிறது. ஏஸ் வண்டியினதைப் போல் பதின்மூன்று மடங்கு. சோனாலிகா கம்பெனி 2020 டிசம்பரில் வெளியிட்ட மின்சார டிராக்டர் 25.5 யூனிட் பாட்டரியுடன் இரண்டு டன் டிரெய்லரோடு 8 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் சமதரையில் செல்ல அது போதும், ஏற்றத்தில் போதாது. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளில் வயலிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து கிடங்குக்கும் நெல் ஏற்ற இத்தகைய டிராக்டரே பொருந்தும். அங்கே தூரமும் வேகமும் குறைவு.

சட்டமும் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் தராத வண்டியில் பட்டறைக்காரர் கொக்கி பற்றவைத்துக் கொடுத்தால், விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்சுக்காரர் கையை விரிக்கக் கூடும். பொறுப்பு நிர்வாகக் குழுவின் தலையில் விழும். விற்பனையாளரின் வாய்ச்சொல்லைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்ட முடியாது அல்லவா?

வடசேரி முதலிய இடங்களின் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இந்தக் கவலை அதிகமில்லை. நூல் பேல்களுக்கும் துணிக் கட்டுகளுக்கும் டிரெய்லர் எதற்கு? தனி வண்டியே தாங்கும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இரவு ஏழு மணி நேரம் வைத்தால் காலையில் பாட்டரி நிறைந்திருக்கும்.

குழு மறுபடி கூடியபோது இக்கணக்கை வைத்தோம். டிரெய்லர் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. ஒரு டன் வண்டி மட்டும் வாங்குவதெனவும், அறுவடைக் காலத்தில் வாடகை டிராக்டரே அமர்த்துவதெனவும் தீர்மானமாயிற்று. முதியவர் அத்துடன் விடவில்லை. ஆடியில் குலையேற்றி ஒரு நடை வந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துக்கொண்டார்கள்.