ஐந்து முறை அழுத்தினால் ஐந்து பிரதி வரும்



நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய செயல்திட்ட அறிக்கை கணினியில் தயாராக இருக்கிறது. ‘அச்சிடு’ பொத்தானை அழுத்துகிறீர்கள். அச்சுப்பொறி அசையவில்லை. மறுபடியும் அழுத்துகிறீர்கள். இன்னும் மூன்று முறை அழுத்துகிறீர்கள். யாரோ வந்து கம்பியைச் சரியாகச் செருகியதும் பொறி விழித்துக்கொள்கிறது. பன்னிரண்டு பக்க அறிக்கை ஐந்து முறை வருகிறது. மொத்தம் அறுபது தாள்! சுங்கை பினாங்கில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் இது நடந்தால், அறுபதுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

பொறிமேல் குற்றம் இல்லை. ஐந்து முறை கேட்டீர்கள், ஐந்து முறை கொடுத்தது. நடுவில் நடந்தது மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கவும், தேவைப்பட்டால் நிறுத்தவும் சில சொற்களைத் தட்டச்சு செய்தால் போதும்.

வரிசை எதற்கு?

ஜார்ஜ்டவுனில் சார் குவே தியாவ் விற்கும் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். சமைப்பவரிடம் ஒரே வாணலி. ஒருவர் கேட்பதைச் சீட்டில் எழுதி வரிசையாக வைக்கிறார். நீங்கள் சொல்லிவிட்டு மேசையில் போய் உட்காரலாம். வாணலி முன்னால் நிற்கத் தேவையில்லை. ஆனால் பொறுமை இழந்து ஐந்து முறை சொன்னால் ஐந்து சீட்டு விழும், ஐந்து தட்டு வரும்.

கணினியும் அப்படித்தான். அது ஒரு நொடிக்குள் பல பக்கங்களைத் தயாரித்துவிடும். ஆனால் தாளை இழுத்து, மை பதித்து, வெளியே தள்ளப் பொறிக்குப் பல நொடிகள் வேண்டும். அதனால் கணினி உங்கள் ஆவணத்தை வட்டில் ஒரு கோப்பாக வைத்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, வரிசையில் நிறுத்துகிறது. இதற்கு ‘ஸ்பூலிங்’ என்று பெயர். எண் பெற்ற ஒவ்வொரு கோப்பும் ஓர் ‘அச்சுப்பணி’.

பேசிப் பாருங்கள்

லினக்ஸ், மேக் கணினிகளில் இந்த வரிசையைக் காப்பது ‘கப்ஸ்’ என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்ற நிரலாளர் 1997இல் இதை எழுதத் தொடங்கினார். 2002இல் ஆப்பிள் நிறுவனம் இதைத் தன் மேக் கணினிகளில் சேர்த்துக்கொண்டது.

கட்டளை வரிச் சாளரத்தைத் திறந்து கீழ்க்கண்டவற்றைத் தட்டச்சு செய்யலாம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளே வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தருகிறேன்.

‘எல்பி’ என்று எழுதி, பக்கத்தில் கோப்பின் பெயரைத் தந்தால், அந்தக் கோப்பு வரிசையில் சேரும். கணினி உடனே அதன் பணி எண்ணைச் சொல்லும்.

‘எல்பிஸ்டாட்’ கட்டளையுடன் இடைக்கோடும் ‘ஓ’ எழுத்தும் சேர்த்தால், காத்திருக்கும் பணிகளின் பட்டியல் வரும். இடைக்கோட்டுடன் ‘பி’ சேர்த்தால், பொறி வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரியும்.

‘கேன்சல்’ என்று எழுதிப் பணி எண்ணைத் தந்தால், அந்தப் பணி வரிசையிலிருந்து நீங்கும்.

அறுபது தாள் கதைக்கு இங்கேயே மருந்து கிடைத்துவிட்டது. பொறி அசையவில்லை என்றால் இரண்டாம் முறை அச்சிடச் சொல்லாதீர்கள். முதலில் வரிசையைப் பாருங்கள். உங்கள் பணி அங்கே இருந்தால், நீங்கள் கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு எங்கோ இருக்கிறது. பணி அங்கே இல்லை என்றால், அது அச்சாகி முடிந்திருக்கலாம், அல்லது வேறொரு பொறிக்குப் போயிருக்கலாம். அறிவியல் பாடத்தில் நாம் செய்வதும் இதுதானே? ஊகிப்பதற்கு முன் உற்றுநோக்கு.

இரண்டு கதவுகள்

பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. கம்பியைச் சரிசெய்தாயிற்று, தாளும் போட்டாயிற்று. ஆனாலும் பொறி ஊமையாக நிற்கிறது. ஏன்?

வரிசைக்கு இரண்டு கதவுகள். ஒன்று நுழைவாயில். புதிய பணிகள் அதன் வழியே உள்ளே வருகின்றன. மற்றது வெளிவாயில். பணிகள் அதன் வழியே பொறிக்குப் போகின்றன. இரண்டையும் தனித்தனியே மூடலாம், திறக்கலாம். பொறியுடன் தொடர்பு அறுந்தால் சில கணினிகள் வெளிவாயிலைத் தாமாகவே மூடிவிடும். கோளாறு நீங்கிய பின்னும் அது மூடியே கிடக்கும். நுழைவாயிலோ திறந்திருக்கும். அதனால்தான் நீங்கள் அழுத்த அழுத்த உள்ளே பணிகள் குவிகின்றன. ‘கப்ஸ்எனேபிள்’ என்ற கட்டளையைப் பொறியின் பெயருடன் தந்தால் வெளிவாயில் திறக்கும். ‘கப்ஸ்டிசேபிள்’ அதை மூடும். நுழைவாயிலுக்கு ‘கப்ஸ்அக்செப்ட்’, ‘கப்ஸ்ரிஜெக்ட்’.

விண்டோஸில் வரிசையைக் காப்பவரின் பெயர் ‘பிரிண்ட் ஸ்பூலர்’. ‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’ என்றால் அது நிற்கும், ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’ என்றால் மீண்டும் எழும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். எனவே பள்ளிக் கணினியில் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். இது வெறும் ஒழுங்குப் பேச்சு அல்ல. ஸ்பூலர் கணினியில் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்கும் நிரல். 2021இல் அதில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

ஒரு தாள் சிக்கல் செய்த வேலை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில், செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இருந்தார். அங்கே பலருக்கும் ஒரே அச்சுப்பொறி. அது வேறொரு மாடியில் இருந்தது. தாள் சிக்கி நின்றால் யாருக்கும் தெரியாது. ஸ்டால்மன் அச்சு மென்பொருளைத் திருத்தினார். தாள் சிக்கியவுடன், வரிசையில் பணி வைத்திருக்கும் எல்லாருக்கும் செய்தி போகும். அவர்களில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். எளிய யோசனை, ஆனால் வரிசையை அறிந்தவருக்கே அது தோன்றும்.

1980 வாக்கில் செராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பொறி வந்தது. அதன் மூல நிரலை நிறுவனம் தரவில்லை. அதனால் அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் கேட்டார். பகிரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் தங்கியது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் மென்பொருள்களை உருவாக்க, 1983இல் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். இன்றைய லினக்ஸ் கணினிகளில் அத்திட்டத்தின் மென்பொருள்கள் பல இயங்குகின்றன.

புதிய பொறியும் தமிழும்

நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் கால் பதித்த முதல் நிறுவனங்களில் ஹியூலட் பேக்கார்டும் ஒன்று. அதன் லேசர்ஜெட் பொறி 1984இல் வெளிவந்தது. பிறகு பல நிறுவனங்களின் பொறிகள் மேசைக்கு மேசை வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி பேசியது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கி நிரல் தேவைப்பட்டது. இன்றைய வலையமைப்புப் பொறிகள் பல ஒரு பொது மொழியைப் புரிந்துகொள்கின்றன. அதனால் ‘எல்பிஅட்மின்’ கட்டளையில் வரிசைக்கு ஒரு பெயர், பொறியின் முகவரி, ‘எவ்ரிவேர்’ என்ற சொல் ஆகியவற்றைத் தந்தால் தனி இயக்கி இல்லாமலே வரிசை உருவாகிவிடும்.

தமிழில் அறிக்கை எழுதுவோருக்கு ஒரு சொல். வரிசையிலிருந்து பொறிக்குப் போகும் வழியில் வடிகட்டிகள் என்ற சிறு நிரல்கள் கோப்பைப் பொறியின் மொழிக்கு மாற்றுகின்றன. வெறும் உரைக் கோப்பாக அனுப்பினால் ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி விழக்கூடும். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் பக்கத்தின் அமைப்பே குலையும். எனவே முதலில் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து, அதைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

செய்து பாருங்கள்

கப்ஸ் வரிசையில் ஒவ்வொரு பணிக்கும் 1 முதல் 100 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 50. ‘எல்பி’ கட்டளையில் இடைக்கோட்டுடன் ‘கியூ’ சேர்த்து எண்ணை மாற்றலாம். ஆசிரியரின் துணையுடன் வெளிவாயிலை மூடுங்கள். ஒரு பக்கமே உள்ள மூன்று கோப்புகளை அனுப்புங்கள். முதல் இரண்டையும் அப்படியே விடுங்கள், மூன்றாவதற்கு 80 தாருங்கள். எது முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு வாயிலைத் திறங்கள். பொறியில் ஏற்கெனவே ஒரு பக்கம் அச்சிட்ட தாள்களையே போடுங்கள்.