ஒரு தேதிக்கு மூன்று கணக்கு

அறிவியல் தரவுகளைக் கையாளும் மென்பொருள் பெரும்பாலும் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. ஒரு தொடக்க நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து கழிந்த நாட்களையோ நொடிகளையோ எண்ணாக வைத்துக்கொள்கிறது. பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இது பழகிய வழிதான். கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரியில் பிறந்ததாகக் கொண்டு, அன்று முதல் கழிந்த நாட்களை அகர்கணம் என்று எண்ணி, அதிலிருந்தே கிரக நிலைகளைக் கணித்தார்கள்.

எண் மட்டும் போதாது. எந்த நாட்காட்டியில் எண்ணியது என்பதும் தெரியவேண்டும். உதாரணத்துக்கு, ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. ரமணாசிரமத்தில் மகாசமாதி அடைந்தது 1950 ஏப்ரல் 14. இடைப்பட்டவை 19,582 நாட்கள். பருவநிலை மாதிரிகள் பலவற்றில் லீப் வருடமே கிடையாது; அந்தக் கணக்கில் 19,570 தான் வரும். பிரிட்டன் வானிலைத் துறையின் ஹேட்ஜெம்2 மாதிரியில் எல்லா மாதமும் 30 நாள், வருடம் 360 நாள். அதில் 19,303. பிப்ரவரி 30 என்ற தேதிகூட அதில் உண்டு. மாதச் சராசரிகளை ஒப்பிட இது வசதி. ஆனால் அந்தக் கோப்பை வழக்கமான நாட்காட்டியில் படித்தால், ஐம்பது வருடத்துக்குள் பருவமே தடம் மாறிவிடும். அதனால்தான் வானிலைத் தரவுக்கான நெட்சிடிஎஃப் கோப்புகளில் நாட்காட்டியின் பெயரையும் எழுதிவைக்க சிஎஃப் என்ற தரவு விவரிப்பு மரபு இடம் வைத்திருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவது பெரும் தவறு.

மாதத்தை அலகாக வைப்பது அதைவிட ஆபத்து. நொடிக்கும் நாளுக்கும் நிலையான நீளம் உண்டு, மாதத்துக்கு இல்லை. யூடியூனிட்ஸ் என்ற அலகு நூலகம் வருடத்தைப் பன்னிரண்டாக வகுத்து, மாதத்துக்குச் சுமார் 30 நாள் 10 மணி 29 நிமிடம் என்று வைக்கிறது. 1896 செப்டம்பர் 1 நள்ளிரவிலிருந்து இரண்டு மாதம் கூட்டினால் நவம்பர் 1 வராது. அக்டோபர் 31 இரவு ஒன்பது மணியை ஒட்டி நின்றுவிடும். நாள் கணக்கில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எக்செல் 1900ஐ லீப் வருடமாக எண்ணுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக அப்படியே ஏற்றுக்கொண்டது. 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே கொள்ளாது. 1896 செப்டம்பர் 1 அங்கே வெறும் எழுத்துதான்.

கடிகாரமும் மாறியிருக்கிறது. 1896இல் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே. இன்றைய இந்திய நேரத்துக்கு 8 நிமிடம் 50 நொடி பின்னே. இந்திய நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகப் போரின்போது கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளி, 1945 அக்டோபரில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கால மழைமானிக் குறிப்பையோ வெப்பநிலைக் குறிப்பையோ 5:30 என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் ஒரு கேள்வி. ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30, இரவு ஒரு மணி. மென்பொருளுக்கு அது செவ்வாய்க்கிழமை. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் பஞ்சாங்கத்துக்குத் திங்கட்கிழமை இன்னும் முடியவில்லை. ஆசிரமம் வருகை நாளை ஆங்கிலத் தேதியில், செப்டம்பர் 1 அன்று கொண்டாடுகிறது. ஜெயந்தியோ மார்கழிப் புனர்பூசத்தில். வருகை நாளுக்கு வருடத்தை மாற்றினால் போதும். ஜெயந்திக்கு எந்த எண்ணைக் கூட்டியும் பயனில்லை; அந்தந்த வருடத்துச் சூரியன், சந்திரன் நிலைகளைக் கணித்த பிறகுதான் நிரல் தேதிக்கு வரமுடியும்.