நோயுற்ற குழந்தையும் புதிய மருந்தும்

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் உண்டது புழுங்கலரிசி. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் உண்டது தீட்டிய வெள்ளரிசி. கால்களை மரக்கச் செய்து இதயத்தைச் சோர்வடையச் செய்யும் பெரிபெரி நோய் சீனரையே பெரிதும் வாட்டியது. தமிழரை அரிதாகவே தீண்டியது. இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டி 1907-இல் நூல் எழுதியவர், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன்.

இக்கருத்தைச் சோதித்தவர் பிளெச்சர் என்னும் மருத்துவர். அவர் 1905-இன் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் மற்றதற்கு வெள்ளரிசியும் அளித்தார். ஓராண்டில் வெள்ளரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தவர் எவருமிலர். நோயின் காரணம் அன்று உறுதிப்படவில்லை. ஆதலின் பிளெச்சரைக் கொடியவர் என்றல் தகாது. அச்சோதனையின் பயன் பல்லாயிரவரைக் காத்தது. எனினும், சம்மதம் கூறும் நிலையில் இல்லாதவரைக் கொண்டு பிறருக்கு நன்மை தேடலாமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

தனக்காகச் சம்மதம் கூற இயலாத மற்றொருவர் குழந்தை. புற்றுநோய்க்குப் புது மருந்து காணும் முயற்சியில் இதே வினா இன்று மீண்டும் எழுகிறது.

புது மருந்தின் முதற்கட்டச் சோதனை எதற்காக நடைபெறுகிறது? எவ்வளவு மருந்தை உடல் தாங்கும், எத்தகைய தீங்கு நேரும் என்று அறிவதே அதன் முதல் நோக்கம். சிலருக்குச் சிறிய அளவில் கொடுத்து, தீங்கில்லையெனில் அடுத்த சிலருக்கு அளவை உயர்த்துவர். பெரும்பாலும் பெரியவர்களிடம் சோதித்த பின்னரே, அதுவும் அறிந்த சிகிச்சைகள் பலிக்காத பிள்ளைகளுக்கே, இது அளிக்கப்படும். நோய் தணியலாம், தணியாமலும் போகலாம்.

அவ்வாறாயின் குழந்தைகளை அறவே விலக்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் தீங்கே. குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கியது அன்று. அதன் புற்றுநோய்களும் பெரும்பாலும் வேறானவை. 1947-இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதலில் அளித்த போலிக் அமில வகைகள் நோயை விரைவுபடுத்தியதாகக் கண்டார். பின்னர் அதற்கு மாறான அமினாப்டெரினைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமே. அம்மருந்தை ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ். அத்தொடக்கத்திலிருந்து வளர்ந்த சிகிச்சையால், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயினின்று செல்வ நாடுகளில் 100-க்குச் சுமார் 90 பேர் இன்று பிழைக்கின்றனர்.

1947-இல் நூரம்பர்க் நீதிமன்றம், சோதனைக்கு உட்படுவோரின் மனமார்ந்த சம்மதம் இன்றியமையாதது என விதித்தது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் வகுத்த நெறி, சம்மதம் கூற இயலாதவருக்காகச் சட்டப்படியான பாதுகாவலர் சம்மதம் அளிக்க இடந்தந்தது. விளங்கிக்கொள்ளும் வயதுப் பிள்ளையின் இசைவையும் கேட்கவேண்டும் என்பது இன்றைய நெறி.

ஆயினும் கையெழுத்து ஒன்றே சம்மதமாகிவிடாது. பிள்ளை உயிருக்குப் போராடுகையில், எதை நீட்டினாலும் தாய் தந்தையர் கையெழுத்திடுவர். படிக்கத் தெரியாத மொழியில் அத்தாள் இருப்பின் கேட்கவே வேண்டியதில்லை. ‘புது மருந்து’ என்ற சொல்லை அவர்கள் ‘குணமாக்கும் மருந்து’ என்றே கொள்வர். அம்மயக்கத்தைத் தெளிவிப்பது மருத்துவரின் கடமை.

பெற்றோர் தயங்காது கேட்கவேண்டியவை நான்கு: இது என் பிள்ளையைக் குணமாக்கவா, மருந்தை அறியவா? எத்தகைய துன்பம் நேரலாம்? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? சோதனையை விடுத்து, வலி தணித்து வீட்டில் வைத்துப் பேண இயலுமா? இவற்றுக்குத் தமிழில், பொறுமையுடன் விடை கூறிய பின்னர் பெறப்படும் சம்மதமே சம்மதம். விடை கேட்டபின் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பெற்றோரும் பிள்ளையைக் கைவிட்டவர் ஆகார்.