வணிக விளம்பரத்தில் வரலாற்றுத் தலைவர்கள்

பலரறியச் செய்தலே விளம்பரம் எனப்படும். பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதிற் பொறித்தமையும் ஒருவகையில் விளம்பரமே. ஆயினும் அக்கல்லை நட்டவர்க்கு விற்பதற்கென்று ஒரு பொருளும் இருந்ததில்லை. இக்காலத்து வணிகரோ பொருளைக் கையில் வைத்துக்கொண்டே, அதற்கேற்ற பெரியாரைத் தேடிச் செல்கின்றனர். ஒரு தலைவர்மீது மக்கள் பல்லாண்டு கொண்ட நம்பிக்கையை ஒரு நொடியிற் பண்டத்தின்மீது ஏற்றிவிடுதலே இதன் சூட்சுமம்.

இம்முறையின் நன்மை தீமைகளை ஆராய்வதற்குக் காந்தியடிகளினும் தக்க சான்று வேறில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து கதர் நிதி திரட்டிய அப்பெரியார் விளம்பரத்தின் வலிமையை அறியாதவர் அல்லர். இராட்டையையும் கதராடையையும் விட நன்கு பரவிய விளம்பரம் அந்நாளில் யாதுளது? சுதேசியப் பொருள் செய்வாரையும் அவர் ஊக்குவித்தார். ஆந்திர நாட்டு இராஜமகேந்திரவரத்தில் இரத்தினம் என்னும் கைவினைஞர் உள்நாட்டிலேயே ஊற்றுப்பேனா ஒன்றைச் செய்து அவருக்கு அளித்தார். காந்தியடிகள் அதனாலே எழுதிப் பார்த்து, அயல்நாட்டுப் பேனாவுக்கு அது தக்க மாற்று என்னும் கருத்துப்பட 1935இல் கடிதம் வரைந்தார். அக்கடிதம் அத்தொழிலுக்குப் பெருமை தேடித் தந்தது. இங்கே பொருளைத் தாமே பயன்படுத்தி, தம் கையாலேயே சான்று கூறியவர் உயிருடன் இருந்த ஒருவர் என்பதைக் கருத்திற் கொள்க.

இனி மற்றொரு பேனாவைக் காண்போம். மொண்ட் பிளாங்க் என்னும் ஐரோப்பிய நிறுவனம் 2009ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்று நாற்பதாவது பிறந்தநாளை ஒட்டி, அவர் பெயரால் பொற்பேனா ஒன்றை வெளியிட்டது. வெள்ளைப் பொன்னாலான அதன் கூர்முனையில், கைத்தடியுடன் நடக்கும் அண்ணலின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 1930இல் அவர் தண்டிக்கு நடந்த தூரம் 241 மைல் என்று கொண்டு, 241 பேனாக்களே செய்யப்பட்டன. ஒன்றின் விலை பதினொரு இலட்சம் இந்திய ரூபாய்க்கும் மேல்! உப்புக்கு வரி கொடுக்க இயலாத ஏழைகளின் பொருட்டு நடந்த நடை, செல்வர் சட்டைப்பைக்குரிய எண்ணாக மாறியது. காந்தியடிகளின் கொள்ளுப்பேரர் ஒருவர் இதற்கு உடன்பட்டிருந்தார். அவர்தம் அறநிலையத்துக்கு நிறுவனம் நன்கொடையும் அளித்தது. ஆயினும் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2010இல் விற்பனை நிறுத்தப்பட்டது.

வழக்குக்கு அடிப்படையாயது இந்திய அரசு 1950ஆம் ஆண்டிலேயே இயற்றிய சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டம். காந்தியடிகள், நேரு, இந்திரா காந்தி, சத்திரபதி சிவாஜி முதலியோர் பெயரையும் உருவத்தையும் அரசின் அனுமதியின்றி வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் விதி. அதில் ஒரு விலக்கும் உண்டு. பண்டங்களை விளம்பரஞ் செய்யாது, நாட்காட்டியைச் செய்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் தாங்கிய நாட்காட்டியில் அவ்வுருவங்கள் இடம்பெறலாம். வீட்டுச் சுவரிலே தலைவரின் படத்தை மாட்டி மதிக்கும் மக்கள் வழக்கத்தைச் சட்டம் தடைசெய்யவில்லை என்பது இதனாற் பெறப்படும். (கல்முனைப் பக்கத்துக் கடைகளில் தொங்கும் நாட்காட்டிகளிற் பெரும்பாலும் கஃபாவின் படமும் தொழுகை நேரமுமே இருத்தலின், இவ்விலக்கின் அருமை நம்மவர்க்கு எளிதிற் புலப்படாது.)

சட்டம் கடலைத் தாண்டாது. அமெரிக்கக் கணினி நிறுவனமாகிய ஆப்பிள் 1997இல் தன் விளம்பரத்தில் காந்தியடிகளின் படத்தைச் சேர்த்துக்கொண்டது. இயந்திர நாகரிகத்தைக் கண்டித்து 1909இல் நூல் எழுதியவர் கணினிக்குத் துணைநிற்க நேர்ந்தது.

சே குவேராவின் கதை இன்னும் வியப்புடையது. 1960 மார்ச்சில் அவானா நகரில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த ஒரு நிழற்படம் உலகெங்கும் பரவி, சட்டை, தொப்பி, கோப்பை முதலிய பண்டங்களில் எல்லாம் ஏறியது. புரட்சிக் கருத்தைப் பரப்புவோர் அதைப் பயன்படுத்துவதைக் கோர்டா தடுத்திலர். ஆனால் ஒரு மதுபான விளம்பரத்தில் அது வந்தபோது 2000ஆம் ஆண்டில் வழக்காடினார்; இணக்கமாகக் கிடைத்த ஐம்பதினாயிரம் டொலரையும் கியூபக் குழந்தைகளின் மருந்துக்கென வழங்கிவிட்டார். நம்மூர் முச்சக்கர வண்டிகளின் பின்புறத்திலும் அதே முகத்தைக் காணலாம். என் வகுப்பில் அவர் யாரென்று வினவியபோது, பாடகர் என்றான் ஒருவன்; விளையாட்டு வீரர் என்றான் மற்றொருவன். 1959 ஆகஸ்டில் அவர் இலங்கைக்கு வந்து, ஹொரணைக்கு அண்மையில் ஒரு இறப்பர்த் தோட்டத்தில் மஹோகனிக் கன்று நட்டார் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாயிற்று. முகம் பரவப் பரவ வரலாறு தேய்ந்துபோவதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

வணிகரை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. தேர்தலும் ஒரு சந்தையே. வாக்கே அங்கு விலை. இக்கரையோரத்தின் அரசியலை மாற்றியமைத்த எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் 2000 செப்டெம்பர் 16ஆம் நாள் உலங்குவானூர்தி விபத்தில் மறைந்தார். அதன்பின் அவர் கண்ட கட்சியினின்றும் பிரிந்தோரும், அதிலேயே நிலைத்தோரும், ஒருவரையொருவர் எதிர்த்துப் போட்டியிட்டபோதும், அவருடைய உருவத்தையே தத்தம் சுவரொட்டிகளிற் பொறித்தனர். ஒரே முகம் எதிரெதிரான இருவர்க்கு வாக்குக் கேட்கும் விந்தையைப் பேனா வணிகரும் செய்திலர். மறைந்தவர் மறுத்துரைக்க மாட்டார் என்னும் துணிவே இரண்டிடத்தும் காணப்படுகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அஷ்ரப் அவர்களின் மேடைப் பேச்சை நேரிற் கேட்டவரும், ஒலுவிலில் பல்கலைக்கழகம் எழுந்த வரலாற்றை அறிந்தவரும் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். சுவரொட்டி கூறுவது மெய்யோ என்று அவர்களை வினவலாம். இன்னும் ஐம்பதாண்டு கழியின் வினவுதற்கு ஒருவரும் இரார். அப்போது படம் மட்டுமே எஞ்சும்.