இருட்டுக்கு முன் ஒரு கணக்கு



மின்சாரக் கம்பி எட்டாத வீட்டின் இரவு எப்படியிருக்கும் என்பதை உங்கள் உம்மும்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்நாளில் குப்பி விளக்குத்தான் வீட்டின் வெளிச்சம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி போட்டு, மேசை ஓரத்தில் வைத்து விடுவார்கள். பிள்ளையின் கை பட்டால் போத்தல் சாயும், எண்ணெய் சிந்தும், தீ பரவும். இவ்வாறு எரிகாயங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் ஆரம்பத்தில் ஒரு பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அது குட்டையானது, பாரமானது, இரு பக்கமும் தட்டையானது, திருகு மூடி உள்ளது. சாய்ந்தாலும் உருண்டோடாது, எண்ணெயும் கொட்டாது. இச்சேவைக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அதே காலத்தில் கிராமங்களில் வேறொரு காட்சியும் இருந்தது. சைக்கிள் கரியரில் கார் பற்றரியைக் கட்டிக்கொண்டு வாப்பாமார் டவுனுக்குப் போவார்கள். அங்கே காசு கொடுத்து சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்தால்தான் வீட்டில் டீ.வி. ஓடும். பிறகு சூரிய மின்சாரம் வந்தது. 1997 முதல் உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற கிராமிய மின்சாரத் திட்டங்களின் மூலம் இந்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கூரையில் ஒரு சிறு பெனலையும், மூலையில் ஒரு பற்றரியையும் பெற்றுக்கொண்டன. நான்கைந்து பல்புகள், ஒரு சிறிய டீ.வி. அவ்வளவுதான். ஆனாலும் அந்த வீடுகளில் பிள்ளைகள் புகையில்லாத வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள்.

2016 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நாடு முழுவதற்கும் கம்பி வந்து சேர்ந்தது. பற்றரிகள் மூலையில் தூசி பிடித்தன. இனி இருட்டே இல்லை என்று நினைத்தோம். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு! 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. கம்பி இருக்கும் வீடும் ஒரே நாளில் கம்பியில்லா வீடாக மாறலாம் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

பெனல் இருந்தும் ஏன் இருட்டு?

"எங்கள் கூரை நிறையப் பெனல் இருக்கிறதே, கரண்ட் போனதும் எங்கள் வீடும் ஏன் இருண்டது?" என்று அந்த நாட்களில் பலரும் கேட்டார்கள். காரணம் எளிது. பொதுக் கம்பியோடு இணைத்துப் பூட்டப்படும் சாதாரண சூரிய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானாகவே நின்றுவிடும். அது பழுதல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. அறுந்த கம்பியைத் திருத்த ஒருவர் தூணில் ஏறியிருக்கும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவருடைய உயிர் என்னவாகும்?

ஆகவே, இருட்டில் உதவுவது பெனல் மட்டுமல்ல. பற்றரியும், அந்தப் பற்றரியிலிருந்து வீட்டைத் தனியாக ஓட்டக்கூடிய இன்வேர்ட்டரும் வேண்டும். பெனல் சம்பாதிக்கும் கை என்றால், பற்றரி சேமிக்கும் உண்டியல். உண்டியல் இல்லாத வீட்டில் பகல் சம்பாத்தியம் இரவுக்கு உதவாது.

முதலில் செலவைக் கணக்கிடுங்கள்

வெளிநாடுகளில் படுக்கையும் சமையலறையும் கொண்ட வாகனத்தில் மாதக் கணக்கில் பயணம் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் கம்பி கிடையாது. கூரையில் பெனல், ஆசனத்தின் கீழே பற்றரி. அவர்களில் விடயம் தெரிந்தவர்கள் "எத்தனை பெனல் வாங்கலாம்?" என்று தொடங்குவதில்லை. "நாளொன்றுக்கு நமக்கு எவ்வளவு செலவாகும்?" என்றே தொடங்குவார்கள். வீட்டுச் செலவை அரிசி, பருப்பு, தேங்காய் என்று பிரித்து எழுதத் தெரிந்த உங்களுக்கு இக்கணக்கு ஒன்றும் கடினமல்ல.

ஒவ்வொரு சாதனத்தின் மீதும் அதன் வாட் எழுதப்பட்டிருக்கும். அதை அது ஓடும் மணித்தியாலங்களால் பெருக்குங்கள். வருவது வாட் மணி. ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் உங்கள் மின்கட்டணப் பட்டியலில் வரும் ஒரு யூனிட்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 7 வாட் எல்.ஈ.டி. பல்புகள் நான்கு, மஃரிபிலிருந்து ஐந்து மணி நேரம்: 140. மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய வகை மின்விசிறி, 30 வாட், இரவில் எட்டு மணி நேரம்: 240. மூன்று கைத்தொலைபேசிகளுக்குச் சார்ஜ்: 45. வீஸிங் உள்ள பிள்ளைக்கு இரண்டு முறை நெபுலைசர்: 60. 40 வாட் டீ.வி. ஒன்றரை மணி நேரம்: 60. மொத்தம் 545 வாட் மணி. இன்வேர்ட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீணாகும். எனவே 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் ஸஹர் நேர வெளிச்சத்துக்கும் சற்றுக் கூட்டிப் போடுங்கள்.

இப்போது அதே வீட்டில் 70 வாட் எடுக்கும் பழைய மின்விசிறி ஓடுகிறது என்று வையுங்கள். விசிறிக்கு மட்டுமே 560 ஆகிவிடும். மொத்தம் 950க்கு ஏறும். இன்னொரு பற்றரி வாங்கும் முன் விசிறியை மாற்றுவது மலிவு அல்லவா?

கேத்திலையும் பாருங்கள். ஒன்றரை லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 140 வாட் மணி போகும். அதாவது ஒரு தடவை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால், நான்கு பல்புகளின் இரவு முழுவதும் அதில் போய்விடும்! கேத்தில், அயன், ரைஸ் குக்கர் போன்ற சூடாக்கும் சாதனங்கள் எதையும் சிறிய பற்றரியில் ஓட்ட வேண்டாம். அதற்குக் கேஸ் அடுப்போ விறகடுப்போ இருக்கட்டும்.

எந்தப் பற்றரி?

12 வோல்ட், 100 அம்பியர் மணி என்று எழுதப்பட்ட பற்றரியில் 1200 வாட் மணி இருக்கிறது. ஆனால் அது ஈயப் பற்றரியானால் பாதியை மட்டுமே எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அடி வரை வடித்தால் விரைவில் செத்துவிடும். ஆகவே நமது உதாரண வீட்டுக்கு இது சரியாகப் போதும்.

கார் பற்றரி விலை குறைவு என்று அதை வாங்கி ஏமாறாதீர்கள். அது எஞ்சினைக் கிளப்ப ஒரு சில வினாடி பெரும் சக்தியைக் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. இரவு முழுவதும் மெதுவாக வடித்தால் சில மாதங்களில் கெட்டுப்போகும். சூரிய மின்சாரத்துக்கென்று தடித்த தகடுகளோடு வரும் பற்றரியையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியும் கடைகளில் உண்டு. விலை கூடத்தான். ஆனால் அதில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வரை எடுக்கலாம். இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும், தண்ணீரும் ஊற்ற வேண்டியதில்லை. எனினும் அதற்கு ஏற்ற சார்ஜர் வேண்டும். ஈயப் பற்றரியின் சார்ஜரை அப்படியே மாட்டக் கூடாது.

பெனலுக்கு வருவோம். நல்ல வெயில் நாளில் 200 வாட் பெனல், நான்கு மணி நேர முழு வெயில் என்று கொண்டால், இழப்புகள் போக ஏறத்தாழ 600 வாட் மணி தரும். மழை நாளில் இதில் ஒரு சிறு பங்குதான் வரும். கையில் வசதியிருந்தால் பெனலைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். ஒரு தென்னோலையின் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறைந்துவிடும். எனவே நிழல் விழாத இடம், தெற்கு நோக்கிய இலேசான சரிவு, மழைநீர் வடிந்தோடும் அமைப்பு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெனலுக்கும் பற்றரிக்கும் இடையே சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மிதமிஞ்சிய சார்ஜினால் பற்றரி பழுதாகும்.

நெபுலைசர் போன்ற நோயாளியின் சாதனங்கள் உள்ள வீட்டில், சுத்தமான சைன் அலை தரும் இன்வேர்ட்டரையே கேளுங்கள். மலிவான இன்வேர்ட்டரில் சில மோட்டார்கள் சூடேறி உறுமும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

தண்ணீர் ஊற்றும் ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயுவை வெளியிடும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கக் கூடியது. அதனால் படுக்கையறையிலோ, அடுப்பங்கரையிலோ, மூடிய அலுமாரியிலோ அதை வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள, பிள்ளைகளின் கை எட்டாத இடமே தகும். உள்ளே இருப்பது அமிலம். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிய பின் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். தரையில் சிந்தினால் அப்பச்சோடா தூவுங்கள்.

மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுநீரும் கூடாது, குழாய்நீரும் கூடாது. பற்றரியின் கூட்டல் முனைக்கு அருகில் ஒரு பியூஸ் இருக்கிறதா என்று பொருத்த வருபவரிடம் கேளுங்கள். "தேவையில்லை" என்று சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள். இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கரண்டி விழுந்தாலே அது பழுக்கக் காய்ந்து வீடு தீப்பற்றப் போதும். குப்பி விளக்கின் ஆபத்திலிருந்து தப்பி வந்த நாம், அதை வேறு வடிவில் வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

சகோதரிகளே! கடையில் நின்று "உங்கள் வீட்டுக்கு இது போதும்" என்று சொல்பவருக்கு உங்கள் வீட்டின் இரவு தெரியாது. எந்த அறையில் முதலில் வெளிச்சம் வேண்டும், யார் இரவில் மருந்து எடுப்பார், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே கணக்கை நீங்களே எழுதுங்கள். இன்று மஃரிபுக்குப் பின் ஒரு கொப்பியை எடுத்து, எந்தப் பல்ப் எவ்வளவு நேரம் எரிகிறது என்று மூன்று நாட்கள் குறித்துப் பாருங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், தேவையில்லாத பெரிய சாமானை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. தேவைக்குப் போதாததை வாங்கி, அடுத்த இருட்டில் பிள்ளைகளோடு கைபிசைந்து நிற்கவும் வேண்டியிராது.