ரெண்டு பல்லை விட்டுவைத்தால்

மேலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர், மதுரை கிழக்கு வெளி வீதியிலுள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். சுருக்குப் பையில் வெற்றிலை உரல். வாயில் மிச்சம் கீழ்க் கோரைப்பல் இரண்டுதான். “இந்த ரெண்டையும் புடுங்கிட்டு முழு செட்டா மாட்டி விடுங்க தம்பி.” டாக்டர் பிடுங்கவில்லை.

காரணம் வேரில் இருக்கிறது. பல் ஒன்றும் சுவரில் அடித்த ஆணி அல்ல. தூளி போல நார்களில் தொங்குகிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்ப்படலம். கடிக்கும்போதெல்லாம் அது எலும்பைச் சுண்டி இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் எலும்பு கரையாமல் நிற்கிறது. அதே நாரில் நரம்பு முனைகளும் உண்டு. பற்களுக்கிடையே 0.02 மி.மீ. தாள் நுழைந்தாலும் தெரிந்துவிடும். தலைமுடியே அதைவிடத் தடிமன். சோற்றில் கல்லைக் கண்டுபிடிப்பது நாக்கு மட்டுமல்ல!

பல் போனால் நாரும் போகும், எலும்பு தேயும். கீழ்த்தாடையில் இது இன்னும் மோசம். 1978-ல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், சாதாரண முழு செட் போட்டவர்களின் கீழ்த்தாடை முன்பக்க எலும்பு 5.2 மி.மீ. குறைந்திருந்தது: கிட்டத்தட்ட ஒரு பொன்னி அரிசி நீளம். கோரைப்பல் வேர்களை விட்டுவைத்து, மேலே செட் போட்டவர்களுக்கு 0.6 மி.மீ. மட்டுமே. இந்த இரண்டாம் வகைக்குப் பெயர் ‘ஓவர்டெஞ்சர்’. தமிழில் வேர்மேல் பல் செட் எனலாம்.

முதலில் ரூட் கேனால். பிறகு பல்லை ஈறுக்கு மேல் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, துவரம்பருப்பு போல உருட்டிவிடுகிறார்கள். நல்ல பல்லை ஏன் வெட்ட வேண்டும்? ஆடு கட்டும் முளைக்குச்சி உயரமாக நீட்டிக்கொண்டிருந்தால் ஆட்டின் இழுப்பில் அசைந்து பிடுங்கிக்கொள்ளும். தரையோடு அடித்தால் நிற்கும். லேசாக ஆடுகிற பல்கூட வெட்டிய பின் கெட்டிப்படுவதுண்டு. கோரைப்பல்லைத் தேர்ந்தெடுப்பதும் காரணத்தோடுதான்: பற்களிலேயே மிக நீளமான வேர் அதற்கே.

செட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு குழி. பருப்புகள் அவற்றில் உட்காரும். சிலருக்கு இன்னும் பிடிப்பு வேண்டும் என்றால், ஜாக்கெட்டில் தைக்கும் பிரஸ் பட்டன் போல ஒரு குமிழும் கிண்ணியும் வைக்கிறார்கள்.

எனக்கு இதில் பயம் ஒன்றே: சொத்தை. மூடியே கிடக்கும் வேரை எச்சில் சரியாகக் கழுவாது. ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டதும், ஃபுளோரைடு பேஸ்ட்டை எடுத்து அந்த இரண்டு பருப்பையும் அப்பத்தா தனியாகத் தேய்த்தாக வேண்டும்.