ஏலமலை ஏறும் முழங்கால்கள்

பொழுது புலருமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டையோ குமுளியையோ கடந்து இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போய், செடியின் தூரில் மண்ணோடு படிந்து காய்க்கும் ஏலக்காயைக் குத்துக்காலிட்டுப் பறித்து மாலையில் திரும்பும் பெண்களுக்கு, முட்டிவலி என்பது வயோதிகத்துக்காகக் காத்திருப்பதில்லை. தேய்ந்துபோன குருத்தெலும்பைச் சீர்செய்ய இயலாதா என்று அவர்கள் கேட்பது நியாயமே.

குருத்தெலும்புக்கு ரத்தநாளம் கிடையாது. ஆதலால் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி அதற்கு மிகவும் சொற்பம். லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743இலேயே இதை எழுதிவைத்தார். அடியிலுள்ள எலும்பில் நுண்துளையிட்டு, கசியும் ரத்தத்திலிருந்து புதுத் திசு வளரச் செய்வது ஒரு முறை. அத்திசு நார்த்தன்மை மிகுந்தது, அசலுக்கு ஈடாகாது. நோயாளியின் சொந்த உயிரணுக்களையே வெளியில் வளர்த்து மீண்டும் பதிக்கும் முறையை ஸ்வீடன் வைத்தியர்கள் 1994இல் அறிவித்தார்கள்.

எனினும் பலனை நிர்ணயிப்பது முறை மட்டுமன்று. திராட்சைப் பந்தலின் கல்தூண் சாய்ந்திருக்கையில் கொடியை மட்டும் எடுத்துக் கட்டுவதால் என்ன பிரயோஜனம்? அதுபோலவே, வில்லாக வளைந்த காலில் பாரமெல்லாம் முட்டியின் உட்புறத்திலேயே விழுவதால், வளைவை நிமிர்த்தாமல் வைத்த ஒட்டு விரைவில் நைந்துபோகும். உள்ளேயிருக்கும் சவ்வு கிழிந்திருந்தாலும், தசைநார் தளர்ந்து மூட்டு ஆட்டங்கண்டிருந்தாலும் கதி அதுவே. வயதும், புகைப்பழக்கமும், சேதத்தின் பரப்பும் கணக்கில் வரும். சரீர எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மீது ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறைகிறது என்பதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். செலவில்லாத சிகிச்சை அது. சிறு இடத்தில் மட்டும் பழுதான மூட்டுக்கே இந்த ஒட்டுவேலை பொருந்தும். எதிரெதிர்ப் பரப்புகள் இரண்டும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் முட்டிக்கு, எலும்பை வெட்டி நேராக்குவதோ செயற்கை மூட்டுப் பொருத்துவதோதான் பெரும்பாலும் வழி.

அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரம் ஊன்றுகோலோடு பாரத்தைக் காலில் இறக்காமல் நடக்கவேண்டும். கடின வேலைக்குத் திரும்ப இன்னும் பல மாதங்களாகும். தினக்கூலியில் அடுப்பெரியும் வீட்டில் இந்த ஓய்வே எல்லாவற்றையும்விட அரிய மருந்து. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கே போனாலும், எத்தனை மணி நேரம் குத்துக்காலிடுகிறோம், எவ்வளவு சரிவு இறங்குகிறோம், எத்தனை நாள் கூலியில்லாமல் தாங்கமுடியும் என்பதைக் கத்தி வைப்பதற்கு முன்பே வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், அக்கா.